உள்ளே போகாத பூட்டுக்காரர்

அந்த வட்டாரத்தில் யார் வீட்டுச் சாவி தொலைந்தாலும் முதலில் தேடுவது சாவியை இல்லை, பூட்டுக்காரரை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூச்சு முட்டுகிற இடத்தில் அவருக்கு ஒரு கடை. முப்பத்தைந்து வருடத் தொழில். எப்பேர்ப்பட்ட முரட்டுப் பூட்டும் அவர் விரலுக்கு இரண்டு நிமிடத்தில் வாயைத் திறந்துவிடும். ஆனால் மனுஷன் சரியான பயந்தாங்கொள்ளி. இதை மூடி மறைத்துச் சொல்லிப் பிரயோஜனமில்லை, தெருவுக்கே தெரிந்த சங்கதிதான். பல்லி விழுந்தால் நாற்காலிமேல் ஏறுவார். இடி இடித்தால் வீட்டிலுள்ள எல்லா சுவிட்சையும் அணைப்பார். ஊருக்கெல்லாம் பூட்டைத் திறந்துவிடுகிறவர், தன் வீட்டு வாசலுக்கு மட்டும் மூன்று பூட்டு போட்டு, படுக்கப் போகும்முன் நான்கு தடவை இழுத்துப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். அவர் பூட்டுக்காரருக்கு வைத்த பெயர் சிங்கம். "சிங்கம் கடைக்குக் கிளம்பிடுச்சு, ரோட்டுல பூனை எதுவும் குறுக்க வராம பாத்துக்கங்கப்பா" என்று தினமும் காலையில் ஒரு குரல் கொடுக்காவிட்டால் கண்டக்டருக்குக் காப்பி இறங்காது.

பூட்டுக்காரரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எந்தக் கதவைத் திறந்தாலும், திறந்த கையோடு ஓரமாக ஒதுங்கி நின்றுகொள்வார். "போங்க, நீங்க போய்ப் பாருங்க" என்பார். உள்ளே கால் வைக்கமாட்டார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். மரியாதையும் இல்லை, ஒன்றும் இல்லை. இருபத்து நான்கு வயதில், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு குரல் கொடுக்காமல் இருந்த ஒரு கிழவரின் அறையைத் திறக்கக் கூப்பிட்டிருந்தார்கள். திறந்தார். பின்னால் நின்ற கூட்டம் நெருக்கித் தள்ளியதில் முதல் ஆளாக உள்ளே போய் விழுந்ததும் அவர்தான். கிழவர் போய்ச் சேர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று பார்த்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கட்டின மனைவியிடம்கூட. அன்றிலிருந்து கதவு வரைக்கும்தான் அவர் வேலை.

மனைவியோ நேர் எதிர். தேளைச் செருப்பால் ஒரே அடியில் அடித்துப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து அடுப்பில் இருப்பதைக் கிளறுகிற ரகம். வீட்டுக்குப் பின்னால் முற்றமும், முற்றத்து மூலையில் பழைய சாமான் போட்டு வைக்கிற ஒரு சின்ன செங்கல் அறையும் இருந்தன. அந்த அறையில்தான் பத்துக் கோழியும் ஒரு சேவலும் வளர்த்தாள். அதில் ஒரு சாம்பல் நிறக் கோழிக்கு மேனேஜர் என்று பெயர். எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரை முறைப்பதால் வந்த பட்டம் அது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது நடந்தது. மழை பெய்து பாசி பிடித்த முற்றத்தில், சேவலைத் துரத்திக்கொண்டு ஓடியவள் வழுக்கி விழுந்தாள். வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. முட்டிக்கு மேல்வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் படுக்கை. பின்கட்டு அறையில், ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் முற்றமும் கோழி அறையும் தெரியும்.

கோழிகளைக் கவனிக்கிற வேலை பூட்டுக்காரர் தலையில் விழுந்தது. அதை அவர் எப்படிச் செய்தார் தெரியுமா? வாசலுக்கு வெளியே நின்றபடியே தீனியை உள்ளே வீசுவார். முட்டையை எடுக்க, நீளமான கம்பியின் முனையில் கரண்டியைக் கட்டி ஒரு கருவியே தயார் செய்துவிட்டார். தூண்டில் போடுகிறவர் மாதிரி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுப்பார். மூன்றாவது வாரம் மேனேஜர் அடைக்கு உட்கார்ந்தபோது, அதே கரண்டியால்தான் ஒன்பது முட்டையையும் அதன் கூடைக்குள் தள்ளினார். ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அது கோழிங்க. புலி இல்ல."

"உனக்குத் தெரியாது. அது பாக்குற பார்வையே சரியில்ல" என்றார்.

அன்றைக்கு அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். குஞ்சு பொரிக்க இருபத்தோரு நாள். அவள் கட்டைப் பிரிக்க டாக்டர் சொன்ன தேதியும் சரியாக அந்த நாள்தான்.

அடை வைத்த பன்னிரண்டாம் நாள் காலை தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோழி கிடந்தது. உடம்பு முழுசாக இருந்தது, தலை மட்டும் இல்லை. பூட்டுக்காரர் சுவரோரம் நின்று கண்டக்டரைக் கூப்பிட்டார். அவர் சுவரைத் தாண்டி வந்து, கோழியைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"கீரி" என்றார். "தலையைத் தின்னுட்டு ரத்தத்தைக் குடிச்சிட்டுப் போயிருக்கு. ருசி கண்டுடுச்சு, இனி விடாது. இது நரி மாதிரி ராத்திரியில வராது சிங்கம். பட்டப்பகல்ல, உங்க கண்ணு முன்னாடியே டிக்கெட் எடுக்காம ஏறி, எடுக்காம இறங்கிடும்."

அதன்பிறகு பூட்டுக்காரருக்குப் பகலே பிடிக்காமல் போயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளிச்சத்தில் அசைந்ததெல்லாம் கீரி. காய்கிற துணியின் நிழல் ஆடினாலும் நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடியது.

இரண்டு நாள் கழித்து அவரே அதை நேருக்கு நேர் பார்த்தார். காலையில் வாயில் பிரஷ்ஷோடு முற்றத்தில் நின்றிருந்தார். கோழிகள் வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. சுவரோரத்துச் செடி மறைவிலிருந்து பழுப்பாக ஒன்று, தரையோடு தரையாக, சத்தமே இல்லாமல் வந்தது. வந்து, பின்னங்காலில் எழுந்து நின்று, அவரைப் பார்த்தது. சிவந்த சின்னக் கண்கள். ஓடலாமா என்று அது யோசிக்கவில்லை. இந்த ஆளால் ஒன்றும் ஆகாது என்று எடை போட்டுவிட்ட மாதிரி திரும்பி, இரண்டு பாய்ச்சலில் வெள்ளைக்கோழியின் கழுத்தைக் கவ்வியது. சேவல் சுவர்மேல் ஏறி நின்று கத்தியதோடு சரி. கோழி அடித்துக்கொண்ட அடியில் இறகு பறந்தது. பூட்டுக்காரருக்குக் கத்தவும் வரவில்லை, வாயில் நுரை. கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருக்கலாம், காலால் தரையைத் தட்டியிருக்கலாம். அவர் என்ன செய்தார் என்றால், வீட்டுக்குள் ஓடிவந்து பின்கதவைச் சாத்தி இரண்டு தாழ்ப்பாளையும் போட்டார். வெளியே கோழியின் சத்தம் குறைந்து குறைந்து நின்றது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது, ஜன்னல் வழியாக மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. சாயங்காலம் அவர் தட்டில் சாப்பாடு கொண்டுபோய் வைத்தபோது, அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கம்மா இப்படித்தான் விழுந்தாங்க. கட்டுப் பிரிச்சாங்க, நடக்கலாம்னு சொன்னாங்க. அம்மா காலைக் கீழ வைக்கவே இல்ல. பயம். அப்படியே ஒன்பது வருஷம் படுக்கையில கிடந்து போய்ச் சேந்தாங்க."

அவர் தண்ணீர்ச் சொம்பைத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

"எனக்கும் பயமா இருக்குங்க" என்றாள். முப்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து அவர் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. "பைத்தியக்காரத்தனம்னு சொல்லுவீங்க, சொல்லுங்க. அந்த மேனேஜர் ஒக்காந்திருக்குல்ல, அது குஞ்சோட எழுந்திரிச்சா நானும் எழுந்திரிச்சிருவேன்னு மனசுக்குள்ள வச்சிட்டேன். அதையும் அந்தச் சனியன் தின்னுட்டா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

அந்த ராத்திரி அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. தேளுக்குப் பயப்படாதவள் பயப்படுகிறாள் என்றால் இனி அந்த வீட்டில் பயப்படாத ஆள் என்று யார் மிச்சம்? விடிந்ததும் எழுந்து, தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தில் இறங்கினார். பூட்டுப் போடுவது.

கோழி அறையின் இரும்புக் கதவில் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று கொண்டியைப் பொருத்தினார். மேலே நல்ல பித்தளைப் பூட்டு. நடுவில் எவரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்கவே வராத பூட்டு. கீழே புத்தம் புதுசு. ஜன்னலில் இருந்து மனைவி கேட்டாள், "ஏங்க, கீரி கள்ளச்சாவி போட்டா வருது?"

கண்டக்டரும் எட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டெல்லாம் ஜோர். பின்பக்கச் சுவத்துக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கே, அதுக்கு எந்தச் சாவி?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால், பழைய தண்ணீர் போகிற துவாரம். விளிம்பில் பழுப்பு முடி ஒட்டியிருந்தது. பூட்டுக்காரர் ஓடிப்போய் சிமென்ட் குழைத்து, கண்ணாடிச் சில்லைப் போட்டு, வெளியே இருந்தபடியே அந்த ஓட்டையை அடைத்தார். கோழிகளை விரட்டி உள்ளே அனுப்பினார், வெளியே இருந்தபடியே. எண்ணினார், அதுவும் வெளியே இருந்தபடியேதான். எட்டுக் கோழி, ஒரு சேவல். மூன்று பூட்டையும் பூட்டி, ஒவ்வொன்றையும் நான்கு தடவை இழுத்துப் பார்த்தார். "இனி காத்துகூட உள்ள போவாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சாவிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எத்தனையோ நாளைக்கப்புறம் நிம்மதியாகக் கடைக்குப் போனார்.

மதியம் போன் வந்தது. மனைவி கிசுகிசுத்தாள். முற்றத்தில் இருக்கிற எதுவோ கேட்டுவிடும் என்று பயந்தவள் மாதிரி.

"உள்ள இருக்குங்க."

"யாரு?"

"அது. அறைக்குள்ள இருக்கு. கோழியெல்லாம் அலறுது. நீங்க அதையும் சேத்து வச்சுப் பூட்டிட்டீங்க."

அவர் கைபேசியைக் கடைமேசையில் விட்டார். பூட்டுத் திறக்கிற கருவிப் பையை விட்டார். கடையைப் பூட்டாமலே விட்டார். தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து அது நடந்ததே இல்லை. ஓடினார். ஐம்பத்தொன்பது வயசு உடம்பு ஓடுகிற ஓட்டமா அது! ஓடும்போதே அவருக்கு எல்லாம் விளங்கியது. மூலையில் பழைய பலகை அடுக்கு சாய்ந்து நிற்கிறது. அதன் பின்னால் அது படுத்துக் கிடந்திருக்கிறது. ஒரே ஒரு அடி உள்ளே எடுத்து வைத்து எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஓட்டையையும் அடைத்துக் கதவையும் பூட்டி, கொலைகாரனைக் கோழிகளோடு தானே ஒன்றாக அடைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

கண்டக்டர் வீடு சாத்தியிருந்தது. ஏதோ கல்யாணமாம். முற்றத்துக்குள் நுழைந்தபோதே அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. இறக்கை கூரைத் தகரத்தில் மோதுகிற சத்தம், சேவலின் அலறல், அதற்கெல்லாம் அடியில் மெல்லிசாக ஓர் உறுமல். மேல்பூட்டைத் திறந்தார். நடுப்பூட்டைத் திறந்தார். கீழ்ப்பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பியபோது கை நடுங்கிய நடுக்கத்தில் புதுச் சாவி பாதியாக ஒடிந்து, துண்டு உள்ளே மாட்டிக்கொண்டது.

ஊரெல்லாம் பூட்டுத் திறந்தவர் தான் போட்ட பூட்டின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, "அய்யோ, அய்யோ" என்று கதவை அடித்தார்.

"என்னங்க! இங்க பாருங்க!" ஜன்னல் கம்பி வழியாக மனைவியின் கை நீண்டது. கொண்டையிலிருந்து உருவிய இரண்டு ஊசிகள் முற்றத்தில் வந்து விழுந்தன. "பதறாதீங்க. நீங்க திறக்காத பூட்டா?"

ஊசியைக் கையில் எடுத்ததும் ஓர் அதிசயம் நடந்தது. உடம்பெல்லாம் உதறுகிறது, பல் கிட்டிக்கொள்கிறது, ஆனால் விரல் தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. பயம் மணிக்கட்டு வரைக்கும் வந்து நின்றுவிட்டது போல. ஒடிந்த துண்டை ஒரு ஊசியால் நகர்த்தி வெளியே தள்ளினார். இரண்டையும் சேர்த்து உள்ளே விட்டு நெம்பினார். பூட்டு வாயைத் திறந்தது.

கதவைத் தள்ளினார். தள்ளிய கையோடு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பழக்கம்! ஒதுங்கி நின்றவர் யாராவது உள்ளே போவார்கள் என்று காத்திருந்தார். முற்றத்தில் ஆள் யாரும் இல்லை. திரும்பினால், ஜன்னலில் மனைவி கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டு போட்ட கால் கட்டிலிலிருந்து கீழே தொங்கியது. அவள் வரப்போகிறாள். அவர் போகாவிட்டால் அந்தக் காலோடு அவள் இறங்கி வரத்தான் போகிறாள்.

"நீ எழுந்திரிக்காத!" என்று கத்தினார். "நான் போறேன். நான் போறேன்ல!"

உள்ளே போனார்.

முதலில் எதுவும் தெரியவில்லை, இறகும் தூசியும்தான். காலில் மிதிபட்டது ஒரு கோழி, இன்னும் சூடு ஆறாதது. இன்னொன்று சுவரோரம் கிடந்தது. மிச்சமெல்லாம் மேலே கட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மூலையில், கூடையில், மேனேஜர். ஓர் இறக்கை ரத்தமாகத் தொங்கியது, ஒரு கண் மூடியிருந்தது. அப்படியும் எழுந்திருக்கவில்லை. உடம்பை ஊதிக்கொண்டு முட்டைமேலேயே உட்கார்ந்திருந்தது. அதற்கு மூன்று முழம் தள்ளி, பலகைகளின் மேல், வாலெல்லாம் மயிர் சிலிர்க்க அது நின்றது. பல் முழுக்கத் தெரிந்தது.

செத்தோம் என்றே நினைத்தார் பூட்டுக்காரர். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். அது கோழியைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், கதவைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவர் நூறு தடவை பார்த்திருக்கிறார். உள்ளே மாட்டிக்கொண்டு, அவர் திறந்துவிட்டதும் ஓடிவருகிறவர்களின் பார்வை அது. அதுவும் வெலவெலத்துப் போயிருந்தது. வழியை மறித்து நிற்பது அவர்தான்.

ஒதுங்க வேண்டும். ஒதுங்குவதுதானே அவருக்குக் கைவந்த கலை. ஆனால் வெளிப்பக்கம் ஒதுங்கினால், அது போகிற போக்கில் மேனேஜரின் கழுத்தைக் கவ்வாது என்று யார் கண்டது? அதனால் பூட்டுக்காரர் உள்பக்கமாக ஒதுங்கினார். ஒவ்வொரு அடியாக, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு, அந்தப் பல்லை நோக்கியே நகர்ந்துபோய், கூடைக்கு முன்னால் நின்றார். கதவு வழி காலியானது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அவர் கெண்டைக்காலில் ஏதோ பலமாக மோதியது. வீடு இடிகிற மாதிரி ஒரு அலறல் கேட்டது. அலறியது தான்தான் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது, பழுப்பு வால் சுவரைத் தாண்டி மறைந்தது.

அப்படியே கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கையைக் கோழிக்கு அடியில் விட்டார். மேனேஜர் நன்றியெல்லாம் சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணால் முறைத்து, புறங்கையில் ரத்தம் வரக் கொத்தியது. கொத்தட்டும் என்று விட்டுவிட்டுத் தடவி எண்ணினார். இரண்டு உடைந்திருந்தன, ஏழு இருந்தன. சூடாக இருந்தன.

"இருக்குது!" என்று கத்தினார். "மேனேஜர் இருக்குது! ஏழு முட்டை இருக்குது!"

ஜன்னலில் இருந்து மனைவியின் குரல் உடைந்து வந்தது. "நீங்க இருக்கீங்களா?"

அந்த ஒரு கேள்வியில் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மேலே கட்டையில் நின்ற சேவல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இருபத்தோராம் நாள் காலையில் ஐந்து குஞ்சு பொரிந்தது. அன்றே கட்டும் பிரிந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பார்த்து, "எலும்பு நல்லா கூடிடுச்சு, பிடிச்சுக்கிட்டு நடங்க" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவி கட்டிலில் உட்கார்ந்தாள். வாக்கர் எதிரில் நின்றது. பத்து நிமிடம் ஆயிற்று, கால் மணி ஆயிற்று, அவள் காலைத் தரையில் வைக்கவில்லை. இளைத்துக் குச்சியாகிப்போன அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பூட்டுக்காரர் வாக்கரை ஒரு சாண் கிட்டே நகர்த்தி வைத்தார். அந்த முகம் எப்படி இருக்கும் என்று உள்ளே இருந்து தெரிந்தவர் அவர். ஜன்னலுக்கு வெளியே குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். வாக்கரைத் தள்ளித் தள்ளி, முற்றத்தைக் கடந்து, கோழி அறை வாசலுக்கு வந்து சேர்வதற்குள் வேர்த்து வழிந்தது. வந்து பார்த்தால் கதவில் நான்கு பூட்டு தொங்கியது.

"மூணுதானே இருந்துச்சு?"

"எதுக்கும் இருக்கட்டும்னு..." என்று இழுத்தார் அவர். பூட்டைத் திறக்கக் குனிந்தார். சாவிக்கொத்து கலகலவென்று ஆடியது. அவள் ஒரு கையை அவர் தோளில் ஊன்றிக்கொண்டாள்.

"உங்க கை இன்னும் நடுங்குது" என்றாள்.

"உன் கால் மட்டும் என்னவாம்?"

"நடுங்கட்டும். நீங்க திறங்க."

நான்கையும் திறந்தார். கதவைத் தள்ளி, முதலில் தான் உள்ளே போய், அவள் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார்.